இளையோர் பேஸ்பால் உலகக் கோப்பையில் டிக்யூபி என்றால் என்ன?

மூன்று அணிகள் சம வெற்றிகளுடன் நின்று, ஒன்றையொன்று மாறி மாறித் தோற்கடித்திருந்தால் யாரை முன்னே வைப்பது? அதற்கான கணக்குதான் டிக்யூபி (TQB, Team Quality Balance).

எடுத்த ரன்களை பேட்டிங் செய்த இன்னிங்ஸால் (பேஸ்பாலில் ஓர் அணிக்கு மூன்று அவுட் விழும் வரை ஒரு இன்னிங்ஸ்) வகுக்க வேண்டும். கொடுத்த ரன்களை ஃபீல்டிங் செய்த இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் விடை. கிரிக்கெட்டின் நெட் ரன் ரேட் மாதிரிதான், ஓவர் இருக்கும் இடத்தில் இன்னிங்ஸ்.

வெறும் ரன் வித்தியாசத்தைப் பார்த்தால் போதாதா? போதாது. 18 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம் 7 இன்னிங்ஸ். இரண்டாவதாக பேட் செய்யும் அணி முன்னிலையில் இருந்தால் ஏழாவதில் ஆடவே வேண்டியதில்லை. அதற்கு 6 வாய்ப்புதான். ஓர் அணி 5-2 என அப்படி வென்று, அடுத்ததில் முழு 7 இன்னிங்ஸும் ஆடி 1-2 எனத் தோற்றதாக வையுங்கள். எடுத்தது 6 ரன், 13 இன்னிங்ஸ்: 0.462. கொடுத்தது 4 ரன், 14 இன்னிங்ஸ்: 0.286. டிக்யூபி 0.176. இன்னிங்ஸ் பாதியில் நின்றால் ஒவ்வொரு அவுட்டும் மூன்றில் ஒரு பங்கு. இதை விட்டுவிட்டுத்தான் பலர் கணக்கில் சறுக்குகிறார்கள்.

பலவீனமான அணியை 15-0 என நொறுக்கினால் டிக்யூபி எகிறும் என்பது தவறான எண்ணம். சமநிலையில் சிக்கிய அணிகள் தங்களுக்குள் மோதிய ஆட்டங்கள் மட்டுமே இதில் சேரும்.