மூன்றாம் மாதம் யார் முறைவாசல்?

கேள்வி: எங்கள் தெருமுனையில் பதினைந்து வருடமாக இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணனை, பத்து வாரத்துக்கு முன் விடிகாலையில் பைக்கில் வந்த இரண்டு பேர் கத்தியால் வெட்டிவிட்டு செல்போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். வலது கையில் நரம்பு அறுந்து ஆபரேஷன் ஆனது. தெருவாசிகள் சேர்ந்து 40,000 ரூபாய் திரட்டிக் கொடுத்தோம். முதல் பத்து நாள் அவர் வீட்டில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். இப்போது அவர் வெளியே வருவதே இல்லை. பைக் சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவைத் தாழிடுகிறாராம். என் வீட்டுக்காரர் போய், “தைரியமா வாங்கண்ணே, நாங்க இருக்கோம்ல” என்று கூப்பிட்டதற்கு முகம் கொடுத்தே பேசவில்லை. “யாரும் வரவேணாம்னு சொல்றாருக்கா” என்கிறார் அவர் மனைவி. இன்னும் என்ன செய்வது? நாங்கள் ஏதாவது தப்பு செய்கிறோமா?
– குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர், பெரம்பூர்

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் முதல் பத்து நாளிலேயே செலவழித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். மருத்துவமனைகளில் மனநல சமூகப் பணியாளராக இருந்த வருடங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான். வெட்டுப்பட்டவர் வார்டில் கிடக்கும்போது ஹார்லிக்ஸ் பாட்டில் வைக்க இடமிருக்காது. தையல் பிரித்து, கட்டு அவிழ்த்து, தூக்கம் வராமல் அவர் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது மாதம் எட்டிப்பார்க்க ஆள் இருக்காது.

சென்னையில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘முறைவாசல்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பொது வாசலைப் பெருக்கித் தெளித்துக் கோலம் போட இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று முறை இருக்கும். எட்டுக் குடித்தனமும் ஒரே நாளில் துடைப்பத்தோடு வந்து நின்றால் வாசல் சுத்தமாகாது. நீங்கள் ஆறுதல் சொன்ன விதம் அப்படித்தான் ஆகிவிட்டது. இனி முறை போடுங்கள். வாரத்துக்கு ஒருவர், அதிகம் போனால் இரண்டு பேர். அதே நாள், அதே நேரம். வருவதற்கு முன் அவர் மனைவிக்கு ஒரு போன்: “வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் வர்றேன், அண்ணனுக்குச் சரியா?” அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அடுத்த வியாழனும் அதே போன் போக வேண்டும். கத்தி முனையில் ஒரு மனிதரிடமிருந்து முதலில் பறிபோவது செல்போன் அல்ல, ‘என் உடம்புக்கு நான் சொல்வதுதான் சட்டம்’ என்ற நினைப்பு. அவருடைய ‘வேண்டாம்’ மதிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் திரும்ப வருகிறது.

போனவர்கள் என்ன பேசினார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் ஊகிக்க முடிகிறது. “எப்படிண்ணே நடந்துச்சு?” என்று ஆளாளுக்குக் கேட்டிருப்பார்கள், அவரும் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லியிருப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்று நம்பி, தாக்கப்பட்ட ஒரு பெண்ணை மூன்று நாள் விடாமல் பேசவைத்தேன். நான்காம் நாள் அவர் என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதிர்ச்சிக்கு ஆளானவரை உடனே உட்காரவைத்து நடந்ததைச் சொல்லவைக்கும் முறை வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2013ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அவராகப் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் கிரிக்கெட் பாருங்கள்.

அடுத்தது, “அந்த நேரத்துல எதுக்குண்ணே வெளிய வந்தீங்க?” என்ற கேள்வி. இஸ்திரிக்காரர் விடிகாலையில் வராமல் எப்போது வருவார்? கரி பற்றவைத்துப் பெட்டி சூடாகவே நேரம் பிடிக்குமே. கேட்பவருக்கு அது அக்கறை, கேட்டுக்கொள்பவருக்குத் தீர்ப்பு. துணைக்கு யாரும் இல்லாததைவிட, துணைக்கு வந்தவர் குற்றம் சொல்வதுதான் இப்படிப்பட்டவர்களை அதிகம் உடைக்கிறது. “கண்டம் கழிஞ்சுது” என்பதைப் பொறுத்தவரை எனக்கு அத்தனை ஆட்சேபம் இல்லை, சிலருக்கு அது நிஜமாகவே பிடிமானம். தர்காவுக்குப் போய் மந்திரித்துக்கொண்டு வந்தால் தடுக்காதீர்கள். கையோடு வைத்தியமும் நடக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்றை உங்கள் சங்க வாட்ஸ்அப் குழுவில் இன்றே செய்ய வேண்டும். அந்த விடிகாலை சிசிடிவி காட்சி அங்கே சுற்றியிருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். (தெரு கேமராவின் மூலப்பதிவைத் தொடாதீர்கள். அது போலீசுக்கு வேண்டும்.) அவர் பிள்ளைகள் கையிலும் போன் இருக்கும். ‘இவன்தான் அவன்’ என்று யாருடைய படத்தையாவது அவருக்கு அனுப்புவதும் கூடாது. பிடிபட்டவர்களை அடையாள அணிவகுப்பில் நிறுத்தும்போது, ‘சாட்சி முன்பே போட்டோ பார்த்திருக்கிறார்’ என்ற ஒரு வரி போதும், எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கை ஆட்டம் காணவைக்க.

இப்போது கைக்கு வருகிறேன். நீங்கள் தைரியத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த இஸ்திரிப் பெட்டிதான் கண் முன் நிற்கிறது. கரி போட்ட பெட்டி ஐந்தாறு கிலோ இருக்கும். வலது கையால் பிடியை இறுக்கிப் பிடித்து, தூக்கி, திருப்பி, அழுத்த வேண்டும். நாம் பொதுவாக நரம்பு என்று சொல்வது பல நேரம் விரலை மடக்கும் தசைநாண். அதைத் தைத்து இணைத்தால் பாரமான வேலைக்கு சுமார் மூன்று மாதம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டால் தையல் விட்டுப்போகலாம். பயந்துகொண்டு அசைக்காமலே வைத்திருந்தால் தசைநாண் ஒட்டிக்கொண்டு விரல் மடங்காது. நடுவே இருக்கும் ஒரே வழி பிசியோதெரபி. வீட்டுக்குள் அடைந்திருப்பவர் முதலில் கைவிடுவதும் அதைத்தான். ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே பேர்பெற்ற தனித்துறை இருக்கிறது, உங்கள் ஊருக்கு அது தூரமும் இல்லை. எங்கே ஆபரேஷன் ஆனதோ அங்கேயே காட்டுகிறார் என்றாலும் சரி, பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக ஓர் ஆள், ஓர் ஆட்டோ என்பது உங்கள் முறைவாசல் பட்டியலில் முதலில் இருக்கட்டும். சங்கத்தில் இதைவிடப் பெரிய காரியம் எதுவும் செய்துவிட முடியாது.

“வண்டியை எப்ப போடுவீங்க?” என்று கேட்காதீர்கள். “தெரபிஸ்ட் எவ்வளவு எடை தூக்கச் சொல்லியிருக்கார்?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, அதனால்தான் முகம் கொடுக்கவில்லை. கரிப்பெட்டியைவிட இலகுவான மின்சாரப் பெட்டி, கேஸ் பெட்டி இரண்டும் இருக்கின்றன. தெரபிஸ்ட் சரி என்றால், அவரும் விரும்பினால், சங்கம் அதற்கு உதவலாம். அதுவரை துணி எண்ணி வாங்குவது, கணக்கு எழுதுவது, மனைவி தேய்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மடிப்பது என்று எதிலாவது அவர் கை இருக்கட்டும். மொத்தமாக உட்காரவைத்துச் சாப்பாடு போடும் அன்பு அவரை நோயாளியாகவே வைத்துவிடும்.

பயம். பைக் சத்தத்துக்குத் துள்ளுவது, கெட்ட கனவு, அந்தத் தெருமுனையைத் தவிர்ப்பது எல்லாம் முதல் மாதத்தில் பெரும்பாலோருக்கு வரும், பலருக்குத் தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கினால் பி.டி.எஸ்.டி. என்னும், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயாக இருக்கலாம். அவருக்குப் பத்து வாரம் ஆகிறது. பார்த்தே ஆக வேண்டும். அரசு மனநல மருத்துவமனை இருப்பதால் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசவாக ஆக்கி வைத்திருக்கிறோம், அதைக் கேட்டாலே அவர் வர மாட்டார். தேவையும் இல்லை. ஸ்டான்லியிலும், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கை காட்டப் போகும் அதே நாளில் அதே வளாகத்தில் இன்னொரு சீட்டு, அவ்வளவுதான். “தூக்கத்துக்கு டாக்டர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரலாமா?” என்று ஆரம்பியுங்கள். போகவே மறுத்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மருந்துக்கடையில் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கும் நல்லெண்ணம் மட்டும் வேண்டாம். தூக்கம் வர ‘ஒரு குவார்ட்டர்’ என்று ஆரம்பித்திருக்கிறாரா என்று மனைவியிடம் தனியாகக் கேளுங்கள், பலர் அந்த வழியாகத்தான் இரண்டாவது குழியில் விழுகிறார்கள். “நான் செத்திருக்கலாம்” என்று சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். “அப்படி ஏதாவது செஞ்சுக்கணும்னு தோணுதாண்ணே?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050.

தெருமுனைக்குத் திரும்புவதும் படிப்படியாகத்தான். முதல் நாள் வாசல் திண்ணையில் ஒரு டீ. சில நாள் கழித்து வெயில் ஏறிய பிறகு வண்டி வரை நடந்து திரும்புவது. அவர் வேகத்தில், அவர் தேர்ந்தெடுக்கும் ஆளோடு. “தைரியமா வாங்க” என்று கையைப் பிடித்து இழுப்பது இதில் சேராது. ‘பாவம், அவர் வெளியே வரவே வேண்டாம்’ என்று எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுப்பதும் சேராது. அப்படிச் செய்யச் செய்ய தெருமுனை அவர் மனதில் பெரிதாகிக்கொண்டே போகும். அங்கே விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் மாநகராட்சியின் 1913ல் புகார் கொடுத்து, எரிகிற வரை விடாதீர்கள். அவரை வெளியே கூப்பிடும் முன் செய்ய வேண்டியது இது. தீபாவளி, சாவு ஊர்வலம், கட்சிக் கொண்டாட்டம் என்று வெடிச் சத்தத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. முன்கூட்டியே தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். எதிர்பார்த்த சத்தம் பாதி சத்தம்.

பணம் பற்றிச் சுருக்கமாக. மொத்தமாகக் கொடுத்தது போதும். இனி மாத வாடகையா, பள்ளிக் கட்டணமா என்று அவர்களையே கேட்டு ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். காசோலையோடு போட்டோ வேண்டாம். சலவைத் தொழிலாளர் நல வாரிய அட்டை வைத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். மேற்கொண்டு ஆபரேஷன் தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை உதவும். பலருக்குத் தெரியாத ஒன்று, குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் இழப்பீடு. தமிழ்நாட்டில் இதற்கென 2013 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. குற்றவாளி பிடிபடாவிட்டாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்பது சட்டம். 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். தள்ளிப்போடாதீர்கள்.

இதற்கெல்லாம் காகிதம் வேண்டும். உங்களில் கோப்பு பராமரிக்கத் தெரிந்த ஒருவரை, ஓய்வுபெற்ற வங்கிக்காரர் யாராவது நிச்சயம் இருப்பார், பிடியுங்கள். ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (காயத்தைக் குறித்த விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, ஆட்டோ பில் வரை செலவு ரசீதுகள், எஃப்.ஐ.ஆர். நகல். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிட்டதா என்று பாருங்கள், பல குடும்பங்கள் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகப் பெறுவது அவர் உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் போலீசே அவருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் அண்ணனுக்கு அந்தக் கெடு இன்னும் மூன்று வாரத்தில் வருகிறது. அவர் சம்மதித்தால் இரண்டு பேர் அவரோடு ஸ்டேஷனுக்குப் போய் வாருங்கள். பத்துப் பேர் போகாதீர்கள்.

பிடிபட்டவர்களின் ஆட்கள் ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்று வீட்டுக்கு வருவதும் நடக்கிறது. பகலில் பெண்களும் பிள்ளைகளும் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வருவார்கள். அப்படி வந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால், அவர்கள் உடனே வந்து வாசலில் நின்றால் போதும். வாக்குவாதம் வேண்டாம். வந்த நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்துக்கொண்டு 112க்குச் சொல்லுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் உச்ச நீதிமன்றம் 2018ல் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மனு கொடுக்கலாம், அதற்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உதவி கேளுங்கள்.

அவர் மனைவியை மறந்துவிடாதீர்கள். ‘யாரும் வரவேணாம்’ என்று உங்களிடம் சொன்னவருக்குக் கடந்த பத்து வாரத்தில் எத்தனை இரவு தூக்கம் இருந்திருக்கும்? கணவரைப் பார்க்க வருகிற முறைக்காரர் அரை மணி நேரம் உட்கார்ந்தால், அந்த அரை மணியில் அவர் கடைக்கோ கோயிலுக்கோ போய் வரட்டும். எங்கே போனார் என்று கேட்க வேண்டாம்.

பட்டியலை எவ்வளவு நாளுக்குப் போடுவது என்று கேட்பீர்கள். ஒரு வருடம். முதலில் வாரம் ஒருமுறை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை. சம்பவம் நடந்த தேதி அடுத்த வருடம் வரும்போது பழைய பயம் திரும்பிப் பார்க்கும், அந்த வாரத்துக்கு அவருக்குப் பிடித்த ஆளின் பெயரைப் போடுங்கள். வழக்கு அதற்குள் முடிந்திருக்காது. எல்லோரும் மறந்துபோன ஒருநாள் சாட்சி சொல்லச் சம்மன் வரும், நீதிமன்ற வராந்தாவில் அந்த இருவரையும் அவர் மறுபடி நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும். தேதி தெரிந்ததும் பட்டியலைக் கையில் எடுங்கள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அவரோடு பெஞ்சில் உட்காரப் போகும் இரண்டு பேர் யார் என்று முடிவு செய்து, முதல் நாள் சாயங்காலமே அவரிடம் பெயரோடு சொல்லிவிடுங்கள்.