எந்தப் பிளேயர் எந்த இறுவட்டை ஓட்டும்? வாசகர் கேள்வி-பதில்

கல்முனை: பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே பிளேயர் வாங்க இருக்கிறேன். ‘யூனிவர்சல்’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

அந்தச் சொல்லை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். எஸ்ஏசிடி, டிவிடி-ஓடியோ (இரண்டும் சீடியைவிடத் தரமான ஒலிக்கான பாட்டு இறுவட்டுகள்), புளூ-ரே, 4கே அல்ட்ரா எச்டி ஆகிய சின்னங்களில் எவை இருக்கின்றன என்று பாருங்கள். பானாசோனிக் டிபி-யுபி820 படத்துக்கு அருமையானது, ஆனால் எஸ்ஏசிடி ஓடாது. சோனி யுபிபி-எக்ஸ்800எம்2 எஸ்ஏசிடியும் டிவிடி-ஓடியோவும் ஓட்டும். ஆனால் அதன் பின்புறத்தில் சிவப்பு-வெள்ளை ஆர்சிஏ துளைகளே இல்லை. ஆகவே உங்கள் அம்ப்ளிபயரின் பின்பக்கத்தை முதலில் பாருங்கள். எச்டிஎம்ஐ இருந்தால் சோனி போதும். ஆர்சிஏ மட்டுமென்றால் மக்னெட்டார் யுடிபி800 போல அனலொக் வெளியீடு உள்ளதே பொருந்தும். பாவித்த ஒப்போ பிளேயர்களுக்கு இன்னும் பெரிய விலை சொல்கிறார்கள். நல்ல மெஷின்தான், ஆனால் அந்த நிறுவனம் 2018இலேயே பிளேயர் தயாரிப்பதை விட்டுவிட்டது. லேசர் போனால் மாற்றுப் பாகம் தேடி அலைய வேண்டிவரும்.

காத்தான்குடி: எஸ்ஏசிடி போட்டால் ஒப்டிகல் வயரில் சத்தமே வருகுதில்லை.

பிளேயரில் பழுதில்லை. எஸ்ஏசிடியின் ஒலியை ஒப்டிகல், கோஎக்சியல் வழியாக விடுவதில்லை. எச்டிஎம்ஐயில் கொடுங்கள். அதிலும் சத்தம் வராவிட்டால் செட்டிங்கில் டிஎஸ்டி (எஸ்ஏசிடியின் ஒலி வடிவம்) வெளியீட்டை ‘ஓஃப்’ செய்யுங்கள், பிளேயரே பிசிஎம் என்ற வழக்கமான டிஜிட்டல் ஒலியாக மாற்றி அனுப்பும்.

செங்கலடி: கனடாவிலிருந்து மாமா பிளேயர் ஒன்று அனுப்புகிறார். இங்கே பாவிக்கலாமா?

பிளக்கைப் போடுவதற்கு முன் பின்புற லேபிளை வாசியுங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் பிளக் அடாப்டர் ஒன்றே போதும். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நமது 230 வோல்டில் பவர் சப்ளை அந்த நொடியே எரிந்துவிடும். 100 வாட் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் வாங்குங்கள், பிளேயர் இழுப்பது அதைவிட மிகக் குறைவு. ஜப்பானிலிருந்து வரும் 100 வோல்ட் சாமானுக்கு அதற்கென்றே தனி ட்ரான்ஸ்போமர் வேண்டும்.

அடுத்த சிக்கல் ரீஜன், அதாவது இறுவட்டு எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடும் என்ற பூட்டு. கனடா டிவிடி 1, புளூ-ரே ஏ. இலங்கை டிவிடி 5, புளூ-ரே சி. சவூதி, கட்டாரிலிருந்து வருபவை டிவிடி 2, புளூ-ரே பி. ரீஜன் பூட்டிய டிவிடி, புளூ-ரே மாறி ஓடாது. சீடி, எஸ்ஏசிடி, 4கே இறுவட்டுகளுக்கு ரீஜன் கிடையாது. அனுப்புமுன் மாமாவிடம் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

களுவாஞ்சிகுடி: படத்தில் இசை அதிருகிறது, பேச்சு மட்டும் கேட்குதில்லை. இரண்டு ஸ்பீக்கர்தான் இருக்கிறது.

பேச்சு பெரும்பாலும் 5.1 ஒலியின் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூபர்) நடுச் சனலில் வரும். பிளேயர் ஐந்து ஸ்பீக்கர் இருப்பதாக எண்ணி அதைத் தனியே அனுப்ப, உங்கள் வயரில் இடது-வலது மட்டும் வருகிறது. ஸ்பீக்கர் செட்டிங்கில் சென்டர், சரவுண்ட், சப்வூபர் மூன்றையும் ‘இல்லை’ என்று மாற்றுங்கள், அல்லது எல்லாச் சனலையும் இரண்டில் சேர்க்கும் டவுன்மிக்ஸை ‘ஸ்டீரியோ’ ஆக்குங்கள். இரவில் குறைந்த சத்தத்தில் பார்ப்பதானால் பெரிய சத்தத்துக்கும் சிறிய சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் டைனமிக் ரேஞ்ச் சுருக்கத்தையும் போடலாம். பாட்டு கேட்கும்போது அதை மறக்காமல் நிறுத்துங்கள், இசையின் ஏற்ற இறக்கத்தையே தட்டையாக்கிவிடும்.

அக்கரைப்பற்று: மாரி மழைக்குப் பிறகு சீடி ஓடுகிறது, டிவிடி நின்று நின்று ஓடுகிறது. லேசர் மாற்ற வேண்டுமா?

உடனே மாற்றச் சம்மதிக்காதீர்கள். டிவிடியின் தடங்கள் சீடியினுடையதைவிடப் பாதிக்கும் குறைவான இடைவெளியில் நெருங்கியிருப்பதால், லென்ஸில் மெல்லிய அழுக்கோ ஈரமோ படிந்தால் முதலில் தடுமாறுவது டிவிடிதான். இறுவட்டுப் போடாமல் ஒரு மணித்தியாலம் இயங்கவிட்டு ஈரத்தைப் போக்குங்கள். பிறகு கரண்டைக் கழற்றி, 99 வீத ஐசோபுரோப்பைல் அல்கஹோல் சிறிது தொட்ட பஞ்சுக் குச்சியால் லென்ஸை அழுத்தாமல் துடையுங்கள். இறுவட்டை நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. வீட்டில் எழுதிய இறுவட்டை வைத்துச் சோதிக்காமல் கடையில் வாங்கிய அசல் டிவிடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதுவும் நின்றால் 650 நானோமீற்றர் லேசர் தளர்ந்திருக்கலாம். சீடிக்குரியது 780 நானோமீற்றர், வேறு லேசர். அதனால்தான் சீடி தொடர்ந்து ஓடுகிறது.

மட்டக்களப்பு நகர்: 4கே இறுவட்டு ஓடுகிறது, எச்டிஆர் (வெளிச்சமும் இருளும் கூடுதல் வீச்சில் தெரியும் படம்) வருகுதில்லை.

டிவியில் அந்த எச்டிஎம்ஐ துளைக்கு ‘என்ஹான்ஸ்ட்’ அமைப்பைப் போடுங்கள், விநாடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் வயரைப் பாவியுங்கள். இடையில் பழைய அம்ப்ளிபயர் இருந்து, பிளேயரில் இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடுகளும் இருந்தால், முதலாவதை நேரே டிவிக்கும், ஒலிக்கான இரண்டாவதை அம்ப்ளிபயருக்கும் கொடுங்கள்.