பெயர் தெரியாத கன்னிக்கு ஒரு பாவாடை

அன்புள்ள ஐயா,

எங்கள் அப்பத்தா சென்ற மாசியில் காலமானார். அவரிடம் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. தை பிறந்ததும் அதைத் திறந்து, பழைய பாவாடை சட்டையை எடுத்துவிட்டுப் புதியதை மடித்து வைப்பார். கூடவே கண்ணாடி வளையல், சாந்துப் பொட்டு, ஒரு முழம் பூ. யாருக்கு என்று கேட்டால் "வீட்டுக் கன்னிக்கு" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார். 1942இல் குடும்பம் பர்மாவிலிருந்து நடந்தே இந்தியாவுக்குப் போனபோது தௌங்கப் கணவாயில் காலராவில் இறந்துபோன, அப்பத்தாவின் தங்கை அது என்பது மட்டும் அப்பாவுக்குத் தெரியும். பெயரும் தெரியாது, நாளும் தெரியாது. சிறுவயதில் வளையல் வாங்க அப்பாவைத்தான் அப்பத்தா கூட்டிப்போவாராம். அதே அப்பா இப்போது, "பெயர்கூடத் தெரியாத பிள்ளைக்கு இனி யார் செய்வது? ஆற்றில் விட்டுவிடலாம்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நாமே ஒரு பெயர் வைத்துக் கும்பிடலாமா? எந்த நாளில் செய்வது?

வாசகி, பகோ

அன்புள்ள மகளுக்கு,

பெட்டியை ஆற்றில் விட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. மறு மார்ச் 8இல் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. கப்பல் டிக்கெட் கிடைத்தவர்கள் கடல்வழி போனார்கள், கிடைக்காதவர்கள் நடந்தார்கள். கடலும் காடுமாகச் சுமார் 5 லட்சம் பேர் வெளியேறினார்கள் என்பார்கள். உன் குடும்பம் போன வழி, இன்று பியே என்கிற புரோமில் ஐராவதியைத் தாண்டி, அரக்கான் யோமா மலையேறி, தௌங்கப்பில் கடலோரம் இறங்குவது. தண்ணீர் கிடைப்பதே அரிதான பாதை அது. கிடைத்த தண்ணீரிலும் காலரா இருந்தது. வழியில் விழுந்தவர்களைப் புதைக்கக்கூட நிற்க முடியாமல் மற்றவர்கள் நடந்தார்கள். இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற சரியான கணக்கு இன்றுவரை இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு சிறுமிக்கு எண்பது ஆண்டுகளாக வருடம் தவறாமல் புதுப்பாவாடை வந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நாளைப் பற்றிக் கேட்டிருந்தாய். இறந்த திதி தெரியாதவர்களுக்கென்றே புரட்டாசியில் மகாளய அமாவாசை இருக்கிறது. தர்ப்பணத்தின் முடிவில் தாயும் தந்தையும் நண்பரும் உறவினரும் இல்லாதவர்கள் எல்லோரும் இந்த நீரால் நிறைவடையட்டும் என்று சொல்லி நீர் விடுவார்கள். அந்தக் கணவாயில் கிடந்த மற்றவர்களுக்காக அன்று நீங்களும் எள்ளும் தண்ணீரும் இறைக்கலாம். கன்னிக்கு நீ நாள் தேட வேண்டியதில்லை. தை மாதம் அப்பத்தா வைத்துவிட்டுப் போன நாள், அதுவே போதும்.

பெயர் மட்டும் வைக்காதே. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அவள் அம்மா அதைச் சொல்லி அழைத்திருக்கிறாள். நமக்குத் தெரியவில்லை என்பதற்காக அதன்மேல் இன்னொன்றை எழுத நமக்கு உரிமை இல்லை. ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் கன்னி என்று மட்டுமே சொல்லிப் பெட்டி வைத்துக் கும்பிடுகிறார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

இனி உன் அப்பா. அவர்மேல் கோபப்படாதே.

2021 ஜூலையில், ரங்கூனில் ஆக்சிஜன் சிலிண்டருக்காக ஊரே வரிசையில் நின்ற வாரங்களில், என் அண்ணன் போய்விட்டார். முகத்தைப் பார்க்கவில்லை. சாம்பலும் வரவில்லை. பதினாறாம் நாள் இலை போட அம்மா சம்மதிக்கவில்லை. "இலை போட்டால் அவன் போய்விட்டான் என்று நானே சொன்னதாகிவிடும்" என்றார். ஒரு வருடம் வீட்டில் படையலே கிடையாது, படத்துக்கு மாலையும் கிடையாது. வருடம் திரும்பியபோது பக்கத்து வீட்டு பர்மியக் குடும்பம் பிக்குகளுக்கு அன்னமிட்டது. அந்தப் புண்ணியத்தில் எல்லோருக்கும் பங்கு என்று "அம்யா, அம்யா, அம்யா" சொல்லும்போது அண்ணன் பெயரையும் சொன்னார்கள். கூடியிருந்தவர்கள் சாது, சாது, சாது என்றார்கள். அம்மா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கொல்லைக்குப் போய், தானே வாழையிலை அறுத்து வந்தார். சோறு, வடை, பாயசத்தோடு ஒரு கிண்ணம் மொய்ங்காவும், அதாவது மீன்சாறு ஊற்றிய பர்மிய அரிசி நூடுல்ஸும், வைத்தார். படையலில் மொய்ங்காவா என்று சித்தப்பா முணுமுணுத்தார். "அவன் காலையில் வேறென்ன சாப்பிட்டான்?" என்றார் அம்மா. ரங்கூன் காகங்களுக்கு அழைப்பு வேண்டுமா? கூரையில் காத்திருந்தன.

உன் அப்பாவுக்கும் அந்தப் பெட்டி கன்னியின் பெட்டி மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். அதை அவர் பார்த்ததெல்லாம் தன் தாயின் கையில். அந்தக் கை இல்லாமல் மூடியைத் திறப்பது அவருக்கு இன்னொரு கருமாதி. ஆற்றில் விட்டுவிடலாம் என்று சொன்னது அந்த வலியாகத்தான் இருக்கும். அவரிடம் வாதாடாதே. சாத்திரம் சொல்கிறது, நான் சொன்னேன் என்றெல்லாம் போக வேண்டாம்.

தை வருவதற்கு முன் ஒருநாள், எந்த அளவு வளையல் வாங்குவது என்று மட்டும் அவரைக் கேள். அப்பத்தா வருடாவருடம் ஒரே அளவில்தான் வாங்கியிருப்பார். அந்தப் பிள்ளையின் வயது உன் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். கடைக்காரரிடம் அப்பத்தா விரலை மடக்கிக் காட்டிய அளவு அவர் கண்ணில் இருக்கும்.