சமணத் துறவிகள் மழைக்காலத்தில் ஏன் ஊர் மாறுவதில்லை? மதுரை மலைகளிலுள்ள கற்படுக்கைகளுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

அந்த வழக்கத்தின் பெயர் சாதுர்மாசம். நான்கு மாதம் என்று பொருள். மற்ற நாட்களில் ஊர் ஊராக வெறுங்காலில் நடக்கும் துறவிகள், ஏறத்தாழ ஜூலை முதல் நவம்பர் வரை ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள். சமணர்களின் முக்கிய நோன்பான பர்யூஷண் வருவதும் இதற்குள்தான்.

காரணம் கொல்லாமை. முதல் மழை பெய்ததும் கண்மாய்க் கரையில் நடந்து பாருங்கள்: ஈசல், மரவட்டை, தவளைக்குஞ்சு, புதுப்புல். எங்கே கால் வைத்தாலும் ஓர் உயிர். வாசலில் கோலம் போட்டிருந்தால் மிதிக்காமல் ஒதுங்கிப் போகிறோம் அல்லவா? மழைக்காலத்தில் அவர்களுக்குத் தெருவெல்லாம் கோலம். (மதுரையில் பெருமழை ஐப்பசியில்தான், இந்த நாட்கணக்கு வடநாட்டுப் பருவமழையை ஒட்டியது.)

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் மலைக் குகைக்குப் போனால் பாறையின் நெற்றியைப் பாருங்கள். மழைநீர் உள்ளே வழியாமல் பக்கவாட்டில் சொட்டும்படி நீளமாகக் காடி வெட்டியிருப்பார்கள். உள்ளே வழவழப்பான படுக்கைகள். கணிநந்தன் என்ற துறவிக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாள் பள்ளி (துறவிகள் தங்குமிடம்) அமைத்துக் கொடுத்ததை அங்குள்ள தமிழி (பழந்தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. வயது 2,000 ஆண்டுக்கு மேல். இத்தகைய குகைகள் மழைக்காலத் தங்கலுக்கும் பயன்பட்டிருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து. எனக்கு அந்தக் காடியே போதுமான சாட்சி.

உள்ளூரில் இவற்றைப் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்பார்கள். வனவாசத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. கல்வெட்டுகளில் இருப்பவை சமணத் துறவிகளின் பெயர்களும் கொடையாளர்களின் பெயர்களும்தான்.