சன் அல்ட்ரா 5-இல் சீரியல் கன்சோல் பாதி பூட்டில் ஊமையாகிறது. டிரைவர் கோளாறா?

நீங்கள் சொன்னது இது: கீபோர்டு, மானிட்டர் இல்லாத அல்ட்ரா 5 (சன் நிறுவனத்தின் பழைய வொர்க்ஸ்டேஷன்), சீரியல் கேபிள் வழியாகத்தான் அதோடு பேச்சு. சீரியலில் ஓகே ப்ராம்ப்ட் (ஃபர்ம்வேர் கட்டளைக்குக் காத்திருக்கும் இடம்) ஒழுங்காக வருகிறது. நீங்களே கம்பைல் செய்த லினக்ஸ் கெர்னலை ஏற்றினால் ஒரு பக்கம் ஓடி, ‘பூட்கன்சோல் டிசேபிள்ட்’ என்ற வரியோடு நின்றுவிடுகிறது. கேபிளை மாற்றியும் பயனில்லை.

கேபிளை விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் எழுத்து சுத்தமாக வந்திருந்தால் கேபிளும் சரி, 9600 வேகமும் சரி. இதே வரியைப் பார்த்துக்கொண்டு நான் இரண்டு வார இறுதிகளைத் தொலைத்திருக்கிறேன்.

ஒரே கம்பியில் வரிசையாகப் பலர் பேசுகிறார்கள். முதலில் மெஷினோடு வரும் ஓபன்பூட் ஃபர்ம்வேர், அப்புறம் கெர்னலை ஏற்றும் பூட் லோடர். கெர்னல் தொடங்கியதும்கூட அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. ஃபர்ம்வேரின் வாயை இரவல் வாங்கித்தான் முதல் வரிகளை அச்சிடுகிறது. சொந்த கன்சோல் ஒன்று (அது சீரியலுக்கு இல்லாமல் திரைக்கானதாக இருந்தாலும்) பதிவானதும் இரவலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் பார்த்த அந்தக் கடைசி வரி அதுதான். அதன்பின் சீரியல் சிப்புக்கான டிரைவர் இல்லை என்றால் பேச ஆள் இல்லை. மெஷின் செத்துவிடவில்லை, நெட்வொர்க் கேபிளைச் செருகி பிங் செய்து பாருங்கள், என்னுடையது சாவகாசமாகப் பதில் சொன்னது.

நான் செய்த தப்பு, பிசி பழக்கத்தில், பிசி சீரியல் போர்ட்டுக்கான 8250 டிரைவரை மட்டும் தேர்ந்தெடுத்தது. அல்ட்ரா 5-இன் ஏ, பி போர்ட்டுகளில் இருப்பது சீமென்ஸின் எஸ்ஏபி 82532 சிப். அதற்கு வேண்டியது சன்சாப் டிரைவர். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் இருக்கும் சிப் வேறு, அதற்கு சன்சு. இன்னும் பழைய ஸ்பார்க்ஸ்டேஷன் என்றால் ஜைலாக் 8530, அதற்கு சன்ஜைலாக். சந்தேகமாக இருந்தால் ஓகே ப்ராம்ப்டில் ஷோ-டெவ்ஸ் அடியுங்கள், சாதனங்களின் பட்டியல் வரும். கடைசித் துண்டு ‘எஸ்இ@’ என்று தொடங்கும் வரி தெரிந்தால் சன்சாப்தான்.

இன்னொரு கண்ணி உண்டு. டிரைவரை மாட்யூலாக (பின்னால் தனியாக ஏற்றும் துண்டாக) வைத்தால் கன்சோலுக்கு உதவாது. கெர்னலுக்குள்ளேயே சேர்த்து, அதன் கீழே தனியாக இருக்கும் கன்சோல் ஆதரவையும் ‘ஒய்’ ஆக்க வேண்டும். மாட்யூலாக வைத்தால் அந்த இரண்டாவது கேள்வியே மெனுவில் தலைகாட்டாது. மறுபடி கம்பைல் செய்யுமுன் உறுதி வேண்டுமானால், பூட் வரியில் கீப்_பூட்கான் சேர்த்துப் பாருங்கள். இரவல் குரல் தொடர்ந்து பேசும்; வரிகள் மேலே ஓடினால் சந்தேகம் தீர்ந்தது.

செய்திகள் முழுக்க வந்தும் லாகின் வரவில்லை என்றால் அது கெர்னல் விஷயமல்ல, டிடிஒய்எஸ்0-இல் (லினக்ஸில் முதல் சீரியல் போர்ட்டின் பெயர்) லாகின் கேட்கும் கெட்டி நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள். லாகின் வந்தும் தட்டினால் எழுத்து போகவில்லையா? உங்கள் பக்கத்து டெர்மினல் நிரலான மினிகாமில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலை (தனிக் கம்பிகள் வழியே ‘அனுப்பு, நிறுத்து’ சொல்லும் முறை) அணையுங்கள். அது தொடக்கத்திலேயே ‘ஆம்’ என்றுதான் இருக்கும், மூன்று கம்பி கேபிளுக்கு ஆகாது.

கேபிள் பற்றியும் ஒரு வார்த்தை, நீங்களே பற்றவைக்கப் போவதாக எழுதியிருப்பதால். அல்ட்ரா 5-இன் ஏ போர்ட் 25 பின். அதில் அனுப்பும் பின் 2. உங்கள் பக்கத்து 9 பின்னில் வாங்கும் பின் 2. ஆகவே 2-க்கு 2, 3-க்கு 3, தரைக்கு 7-லிருந்து 5. பார்த்தால் நேர்க் கேபிள், உண்மையில் அதுதான் நல்மோடம் (இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைக்கும் கேபிள்). ‘குறுக்கே போட வேண்டுமே’ என்று 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் பற்றவைத்து நான் முழித்த கதை தனி.

ஃபர்ம்வேரின் சோதனை அமைப்பான டயக்-ஸ்விட்சை ட்ரூ ஆக்கி நிறைய செய்தி வாங்கலாம் என்று யாராவது சொன்னால், பார்த்துவிட்டு மறக்காமல் ஃபால்ஸ் ஆக்குங்கள். இல்லாவிட்டால் அது டிஸ்க்கை விட்டுவிட்டு நெட்வொர்க்கில் பூட் ஆகப் பார்க்கும், நீங்கள் அதையும் டிரைவர் தலையில் போடுவீர்கள்.