கை தூக்கினால் ஏறும் சட்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் தையலைப் பற்றி எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஒரு வருடத்துக்கு முன் தையல் மிஷின் வாங்கினேன். வேலை முடிந்து வந்ததும் இரவில் ஒரு மணி நேரம், விடுமுறை நாளில் கொஞ்சம் கூடுதலாக உட்காருகிறேன். இதுவரை எனக்காக ஏழு சட்டைகள் தைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் வேறு வேறு மாடல், வேறு வேறு துணி. அவற்றில் ஒன்றைத்தான் போடுகிறேன், அதுவும் வீட்டுக்குள். மற்ற ஆறும் அலமாரியில் மடித்தபடியே இருக்கின்றன.

இரண்டு பிரச்சினைகள் விடாமல் வருகின்றன. கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே மேலே ஏறுகிறது. அக்குளில் பிடிக்கிறது என்று நினைத்து, கைத்துண்டு வந்து சேரும் கைக்குழியைக் கீழே வெட்டி ஆழமாக்கிப் பார்த்தேன். முன்பைவிட அதிகமாக ஏறுகிறது. அடுத்தது காலர். அதன் இரண்டு முனைகளும் ஒரு தடவைகூடச் சமமாக வந்ததில்லை.

“துணிக்கும் நேரத்துக்கும் கணக்குப் போட்டால் கடையிலேயே வாங்கியிருக்கலாமே” என்கிறார் நண்பர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் என் அலமாரியில் இருப்பதெல்லாம் நானே தைத்ததாக இருக்க வேண்டும் என்று ஆசை. அது நடக்கிற காரியமா? சட்டையை விட்டுவிட்டு பேன்ட் தைத்துப் பார்க்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள தம்பி,

முதலில் கைக்குழி. நீங்கள் செய்ததை நானும் செய்திருக்கிறேன். அக்குளில் பிடித்தால் அங்கே இடம் போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். உடனே கத்தரிக்கோலை எடுத்து இன்னும் ஒரு விரற்கடை கீழே இறக்கிவிடுவோம். நிதானமாகத் துணியைப் பார்த்தால்தான் அங்கே நடப்பது வேறு என்று தெரியும்.

சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் பாருங்கள். சட்டையின் கீழ் மடிப்பிலிருந்து பக்கத்தையல் மேலே வருகிறது. அக்குளில் கைத்துண்டின் அடித்தையலோடு சேர்ந்து மணிக்கட்டு வரை போகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே கோடு. கையைத் தூக்கும்போது உடம்பில் நீளுவது அந்தப் பக்கம்தான். கைக்குழியை 3 செ.மீ. கீழே வெட்டினால், அந்தக் கோட்டிலிருந்து 3 செ.மீ. துணியை எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நீளம் வேண்டிய இடத்திலேயே நீளம் குறைந்துபோகிறது. பற்றாக்குறையை ஈடுகட்ட சட்டை இடுப்பிலிருந்து மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். மேலே அணியும் கோட்டு ஒன்று, நன்றாகத் தைத்ததாகப் பார்த்துப் போட்டால் இது புரியும். கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக இருக்கும், ஆனாலும் கை சுலபமாக அசையும்.

அதனால் அடுத்த சட்டையில் இரண்டு மாற்றம் செய்யுங்கள். கைக்குழியின் அடியை உயர்த்துங்கள். அக்குளுக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரல் அகலம் இருந்தால் சட்டைக்குப் போதும். அப்புறம் கைத்துண்டின் மேல்வளைவின் (தோளோடு சேரும் வளைந்த பகுதியின்) உயரத்தைக் குறைத்து, அதன் அகலத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கையின் மொத்த நீளம் மாறாமல் மேல்வளைவு மட்டும் தாழ்ந்தால், அடித்தையல் நீளமாகும். நமக்கு வேண்டியது அதுதான். இதில் ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பெற முடியும்: கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது அக்குளுக்குக் கீழே சில மடிப்புகள் விழும். அன்றாடம் போடும் சட்டையில் அந்த மடிப்பு எனக்குக் குறையாகத் தெரிந்ததே இல்லை. எழுதுகிறோம், மேல்தட்டிலிருந்து எதையாவது எடுக்கிறோம், வண்டி ஓட்டுகிறோம். பொம்மை மாதிரி நிற்கும் நேரம் எவ்வளவு இருக்கும்?

இரண்டையும் மாற்றிய பிறகு, கைத்துண்டின் மேல்வளைவும் கைக்குழியின் சுற்றளவும் பொருந்துகின்றனவா என்று அளக்க மறக்காதீர்கள். டேப்பைப் படுக்க வைத்து வளைவை அளந்தால் தப்பாக வரும். டேப்பின் ஓரம் அளவு வரைந்த காகிதத்தில் படும்படி நிறுத்தி, வளைவோடு நகர்த்திக்கொண்டே போங்கள். தையல் போகும் கோட்டில் அளக்க வேண்டும், வெட்டும் கோட்டில் இல்லை.

காலருக்குக் காரணம், பெரும்பாலும் காலரே இல்லை. கழுத்தை வளைவாக வெட்டியதுமே அந்த விளிம்பின் பல இடங்கள் துணியின் மூலைவாட்டில், அதாவது நூல்களுக்குச் சாய்வாக, வந்துவிடுகின்றன. மூலைவாட்டில் எந்தத் துணியும் இழுபடும். வெட்டிய பீஸைக் கையில் எடுத்துத் தொங்கவிட்டாலே கழுத்து விரிய ஆரம்பித்துவிடும். வெட்டியதும், வேறு எந்த வேலையும் தொடங்கும் முன், கழுத்து வளைவில் தையல் கோட்டுக்குச் சற்று வெளியே, தையலுக்காக விட்ட ஓரத்துக்குள், ஒரு சாதாரணத் தையல் ஓட்டிவிடுங்கள். அது கழுத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் காலரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே ஓட்டமாகத் தைக்காதீர்கள். அடியில் இருக்கும் துணியை மிஷினின் பல் இழுக்கிறது, மேலே இருக்கும் துணியை மிஷினின் அழுத்துக்கால் அழுத்தித் தள்ளுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் அந்த வித்தியாசம் கடைசி முனையில் மொத்தமாக வந்து நிற்கும். பின்கழுத்தின் நடுவில் தொடங்கி ஒரு பக்கம், மறுபடி நடுவில் தொடங்கி மறுபக்கம் என்று தையுங்கள்.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. ஏழு சட்டை, ஏழு மாடல் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது அந்த இடத்தில்தான். ஏழு தடவை நீங்கள் முதல் சட்டையையே தைத்திருக்கிறீர்கள். ஒன்றில் கற்றது அடுத்ததற்குப் போய்ச் சேரவே வழியில்லை.

அளவு வாரியான காகிதப் பேட்டர்னை (துணியின் மேல் வைத்து வெட்டும் மாதிரியை) 1863-இல் கொண்டு வந்தவர் எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையற்காரர். முதலில் ஆண்கள், சிறுவர்களின் உடைகளுக்குத்தான் வந்தது. எலியாஸ் ஹோ 1846-இலும் ஐசக் சிங்கர் 1851-இலும் தையல் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். வீட்டில் மிஷின் இருந்தும் கட்டிங் தெரியாமல் நின்றவர்களுக்கு அந்தக் காகிதம் பெரிய உதவி. வீட்டில் தைக்கும் நாமெல்லாம் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் பேட்டர்ன் என்பது ஒரு சராசரி உடம்புக்கு வரைந்தது. அந்த உடம்பு யாருடையதும் இல்லை. பேட்டர்னை அப்படியே வெட்டித் தைத்தால், கடையில் கிடைக்கும் சட்டையையே நம் கையால் மறுபடி செய்கிறோம். நிறைய பேருக்கு ஒரு தோள் இன்னொன்றைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். சிலருக்கு முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும், கழுத்து முன்னால் நீண்டிருக்கும். அதெல்லாம் சேர்ந்த பேட்டர்ன் எங்கும் விற்காது. அதை நீங்களேதான் உண்டாக்க வேண்டும், அதற்கு ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தைக்க வேண்டும்.

நான் இன்றைக்கும் போடும் முழுக்கைச் சட்டையின் பேட்டர்ன் ஒரு பழுப்புக் காகிதம். அதில் மூன்று நிறத்தில் கோடுகள் இருக்கின்றன. வலது தோளில் அரை அங்குலம் இறக்கிய கோடு, முதுகின் நடுவில் கூட்டிய கோடு, கைக்குழியை முதலில் இறக்கி அப்புறம் இரண்டு தடவையாக உயர்த்திய கோடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதியிருக்கிறேன். “பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் இழுக்கிறது” என்று ஒரு கோட்டின் மேல் எழுதி வைத்திருக்கிறேன். நாலாவது தடவை தைத்த சட்டையைத்தான் வெளியே போட்டுக்கொண்டு போனேன். ஆறாவதைப் போட்ட அன்று, சட்டை போட்டிருக்கும் நினைவே இல்லாமல் சாயங்காலம் வரை இருந்தேன். அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். அதே காகிதத்தை வைத்து இதுவரை பதினோரு சட்டை தைத்தாயிற்று. துணி மாறும், காலர் மாறும், பாக்கெட் வரும், போகும். உடம்பைத் தொடும் கோடுகள் மாறுவதில்லை.

நீங்கள் அந்த ஏழில் உங்கள் உடம்புக்குக் கொஞ்சமாவது அருகில் வந்த ஒன்றை எடுங்கள். வீட்டுக்குள் போடுகிறீர்களே, அதுவாகவே இருக்கும். அதை நல்ல துணியில் வெட்டாதீர்கள். பழைய படுக்கை விரிப்பில் உடலும் கைகளும் மட்டும் வெட்டி, மிஷினில் பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பாருங்கள். காலர், பட்டன், காஜா எதுவும் வேண்டாம். எங்கே சுருக்கம் விழுகிறது என்று பாருங்கள். இழுபட்ட சுருக்கம் இறுக்கமான இடத்தைக் காட்டும், தளர்ந்து தொங்கும் மடிப்பு மிச்சமான இடத்தைக் காட்டும். பேனாவால் அந்தத் துணியிலேயே குறித்துக்கொண்டு காகிதத்தில் மாற்றுங்கள். முன்பு சொன்ன கைக்குழியும் மேல்வளைவும் சேர்ந்தே மாற வேண்டியவை; அவற்றைத் தவிர, ஒரு தடவைக்கு ஒரே ஒரு திருத்தம். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நல்ல துணியை வெட்டும் முன், தைத்த பிறகு எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே ஒரு தடவை துவைத்துக் காயவைத்து அயர்ன் பண்ணிவிடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். பேட்டர்னில் இருக்கும் நூலோட்டக் கோடு துணியின் கரைக்கு இணையாக இருக்கிறதா என்று இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். ஒவ்வொரு தையலையும், அடுத்த தையல் அதைக் குறுக்கே கடக்கும் முன் அயர்ன் பண்ணுங்கள். ஊசி மழுங்கினால் யோசிக்காமல் மாற்றுங்கள். இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எதைத் தைப்பது என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். அடுத்த ஒரு மாதம் துவைக்கப் போடும் துணிகளைக் கவனியுங்கள். திரும்பத் திரும்ப அங்கே வந்து விழுகிறதே இரண்டு மூன்று உடை, அவைதான் உண்மையில் உங்கள் உடைகள். அவற்றின் நிறம் என்ன, துணி எவ்வளவு கனம், உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்த்து, அவற்றைப் போலத் தையுங்கள். துணிக்கடையில் கண்ணைப் பறிக்கிற துணி வேறு, காலையில் கை தானாகப் போய் எடுக்கிற சட்டை வேறு. உங்கள் ஆறு சட்டைகளில் பாதியாவது முதல் வகை என்று நினைக்கிறேன்.

நண்பர் சொல்லும் கணக்கு சரிதான். அதை மறுக்க வேண்டாம். நல்ல துணி, நூல், பட்டன், உங்கள் இரவுகள் எல்லாவற்றையும் கூட்டினால் வாங்குவது சுலபம். நாம் மிஷின் முன் உட்காருவது மிச்சம் பிடிக்க இல்லை என்று அவரிடமே சொல்லுங்கள். ஒரு தட்டையான துணி நம் தோளின் மேல் சரியாக உட்காருவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்வதில் இருக்கிற சந்தோஷம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்களுக்கும் அது இருக்கிறது. இல்லையென்றால் ஆறு சட்டை வீணான பிறகு கைக்குழியைப் பற்றி எழுதிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அலமாரி முழுக்க நடக்குமா என்றால், நடக்கும். எனக்குப் பல வருடம் ஆயிற்று. உள்ளாடை, காலுறை, குளிருக்குப் போடும் கனமான கோட்டு ஆகியவற்றை இன்றும் வாங்கத்தான் செய்கிறேன்.

பேன்ட் இப்போது வேண்டாம். அதில் இரண்டு கால் துண்டும் சேரும் இடத்தில் இருக்கை வளைவு என்று ஒன்று இருக்கிறது, கைக்குழியைவிடப் பிடிவாதமானது. விரிப்புத் துணியில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கீழ் மடிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து எழுதுங்கள். கைக்குழியின் ஆழம், மேல்வளைவின் உயரம், உங்கள் மேல்கைச் சுற்றளவு மூன்றையும் சேர்த்து அனுப்பினால், அடுத்த கோட்டை எங்கே போடலாம் என்று இருவருமாகப் பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா