குட்டை ரகச் செர்ரி தக்காளி: மாடித்தோட்டக் கேள்வி பதில்

கேள்வி: பால்கனியில் இடம் கொஞ்சம்தான். எந்த ரகம், எவ்வளவு பெரிய தொட்டி?

மைக்ரோ டாம் ஒரு சாண் உயரத்துக்கு மேல் பெரும்பாலும் வளராது. 6 அங்குலத் தொட்டி போதும். டைனி டிம் ஒன்றரை அடி வரை போகும், அதற்கு 10 அங்குலத் தொட்டி வேண்டும். ருசிக்கு என் ஓட்டு டைனி டிம்முக்குத்தான். கடையில் வெறும் 'செர்ரி தக்காளி' என்று விற்கும் விதை பெரும்பாலும் ஆறேழு அடி ஏறும் கொடி ரகம். பாக்கெட்டில் உயரத்தைப் பார்த்து வாங்குங்கள். எந்த ரகமானாலும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் பட வேண்டும்.

கேள்வி: மண் கலவை என்ன? நாற்றை எப்போது மாற்றுவது?

செம்மண், மண்புழு உரம், தென்னைநார்க்கழிவு மூன்றும் சம பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்; உப்பு தங்கினால் இலை ஓரம் கருகும். விதையை அரை செ.மீ. ஆழத்தில் போட்டால் ஒரு வாரத்தில் முளைக்கும். நான்கைந்து இலை வந்ததும், சுமார் 25 நாளில், விதையிலை (முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலைகள்) மட்டம் வரை புதைத்து நடுங்கள். புதைந்த தண்டிலும் வேர் விடும்.

கேள்வி: பக்கக் கிளைகளைக் கிள்ளலாமா?

குட்டை ரகத்தில் கூடாது. அவற்றின் நுனியில்தான் பூங்கொத்து வரும். மண்ணைத் தொடும் அடி இலைகளை மட்டும் எடுங்கள்.

கேள்வி: ஏப்ரலில் செடி நிறையப் பூ, எல்லாம் உதிர்கிறது. என்ன உரம் போடுவது?

உரம் எதுவும் வேண்டாம். பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்கும். இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் பிஞ்சு பிடிப்பது குறையும். பூக்காம்பில் உள்ள கணு மஞ்சளித்து, தொட்டாலே அந்த இடத்தில் ஒடிந்து விழுவதைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் யூரியாவோ சாணக் கரைசலோ ஊற்றினால் இலைதான் கூடும். பகல் 12 மணிக்கு மேல் நிழல்வலை கட்டலாம், ஆனால் இரவு வெக்கைக்கு மருந்து இல்லை. அதனால்தான் சமவெளியில் இருப்பவர்களிடம் விதைப்பை மாற்றச் சொல்கிறேன்: செப்டம்பர் கடைசியில் விதைத்தால் டிசம்பரில் பழம். நவம்பரில் இன்னொரு தட்டு விதை போட்டால் பிப்ரவரி முழுக்கப் பறிக்கலாம். முந்திக் காய்க்கும் ரகத்தின் பெரிய லாபமே, கோடைக்கு முன் இரண்டு சுற்று எடுத்துவிடலாம் என்பதுதான்.

தேனீ வராத உயர மாடியாக இருந்தால், காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டுங்கள். தன் மகரந்தமே போதும், அது உதிர வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: நுனி இலை சுருண்டு, சிறுத்து, செடி குன்றிவிட்டது.

வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ். குணமாகாது. செடியைப் பிடுங்கி பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மற்றவற்றுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும் (பசை தடவிய மஞ்சள் அட்டை), ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். ஈ அங்கேதான் இருக்கும்.

கேள்வி: பழுக்கும்போது தோல் வெடிக்கிறதே?

காய்ந்த மண்ணில் திடீரென்று நிறையத் தண்ணீர் போனால் சதை வேகமாக உப்பும், தோல் ஈடுகொடுக்காது. தினமும் ஒரே அளவு ஊற்றுங்கள். பெருமழைக்கு முன் நிறம் திரும்பிய காயைப் பறித்து வீட்டுக்குள் வையுங்கள், பழுத்துவிடும்.

கேள்வி: இந்தப் பழத்திலிருந்தே விதை எடுக்கலாமா?

மேலே சொன்ன இரண்டு ரகத்திலும் எடுக்கலாம். எஃப்1 வீரிய ஒட்டு ரகம் (இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை) என்றால் அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது. நன்கு பழுத்ததைப் பிழிந்து, சாற்றோடு இரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்துங்கள்.